உண்ணுதல் கோளாறுக்கு எந்தத் தெரபி, யாரிடம்?

அனோரெக்சியா (எடை கூடிவிடும் என்ற பயத்தில் பட்டினி கிடப்பது), புலிமியா (அடங்காமல் உண்டுவிட்டு, வாந்தி போன்ற வழிகளில் அதை ஈடுகட்டப் பார்ப்பது), பிஞ்ச் ஈட்டிங் (அப்படி ஈடுகட்டாமல், அடங்காமல் உண்பது) இவற்றில் ஏதோ ஒன்று வீட்டுக்குள் வந்துவிட்டது என்று தெரிந்ததும் எல்லோரும் முதலில் கேட்பது, "நல்ல கவுன்சலர் யாராவது தெரியுமா?" என்பதுதான். அங்கே தொடங்கினால் பல மாதங்கள் வீணாகலாம். கவுன்சலர் நல்லவரா என்பது முக்கியம்தான். ஆனால் அவர் எந்த முறையில் சிகிச்சை தருகிறார் என்பது இந்த நோய்களில் அதைவிட முக்கியம். 14 வயதுப் பெண்ணுக்கு முதல் தேர்வாக இருக்கும் முறை 35 வயதுக்காரருக்கு ஒத்துவராது. புலிமியாவில் முதல் படியாக வைக்கக்கூடியது அனோரெக்சியாவுக்குப் போதவே போதாது.

கீழே உள்ள எல்லா வழிகளையும் ஒரே அளவுகோலால்தான் அளக்கிறோம். அந்தச் சிகிச்சை நேரடியாகச் சாப்பாட்டின் மேல் கை வைக்கிறதா? அதன் பலன் முதல் நான்கு வாரத்தில் கண்ணுக்குத் தெரிகிறதா?

ஏன் சாப்பாடு முதலில் என்பதற்குப் பழைய ஆய்வு ஒன்று நல்ல விளக்கம். 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் தலைமையில், உடலும் மனமும் நலமாக இருந்த 36 ஆண்களை 24 வாரம் அரைப்பட்டினியில் வைத்துக் கவனித்தார்கள். எடை குறையக் குறைய அவர்கள் நாள் முழுக்க உணவையே நினைத்தார்கள், சமையல் குறிப்புகளைச் சேர்த்தார்கள், தட்டில் இருந்ததை நெடுநேரம் இழுத்து இழுத்துச் சாப்பிட்டார்கள், சோர்ந்தார்கள், எரிந்து விழுந்தார்கள், பிறரிடமிருந்து ஒதுங்கினார்கள். நோயின் குணம் என்று நாம் நினைப்பதில் பெரும்பங்கு பட்டினியின் குணம். பட்டினி கிடக்கும் மூளையிடம் "உன் உள்மனக் காயம் என்ன?" என்று வாரம் ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தால், கேள்வி சரியாக இருந்தாலும் பதில் சொல்ல ஆள் இருக்கமாட்டார்.

தெரபியைத் தேடும் முன் உடல்

எந்தத் தெரபியைத் தேர்ந்தெடுத்தாலும் அந்த வாரமே ஒரு மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். படுத்த நிலையிலும் எழுந்து நின்ற பிறகும் நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், உடல் வெப்பம், இ.சி.ஜி.; ரத்தத்தில் பொட்டாசியம், பாஸ்பேட், மெக்னீசியம், சோடியம், சர்க்கரை. இவ்வளவும் கேட்டு வாங்குங்கள். வாந்தி எடுப்பவர்களுக்கும் பேதி மாத்திரை எடுப்பவர்களுக்கும் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பு தடம் மாறலாம். உடல் எடை சாதாரணமாகத் தெரிவதால் இந்த ஆபத்து குறைந்துவிடாது.

ஒன்றைக் கவனமாக வாசியுங்கள்: ரத்த அறிக்கை சீராக இருப்பதை வைத்து ஆபத்து இல்லை என்று முடிவு செய்யக் கூடாது. உடல் கடைசிவரை அந்த எண்களைக் காப்பாற்றிக்கொண்டே வரும். விழித்திருக்கும் பகல் வேளையில் நாடி நிமிடத்துக்கு 50க்குக் கீழே போனாலும், மயக்கம் வந்தாலும், நெஞ்சு படபடத்தாலும், சில நாட்களாகச் சாப்பாட்டையோ நீரையோ முற்றாக மறுத்தாலும் தெரபிஸ்டைத் தேடும் வேலையை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். தற்கொலை எண்ணமும் இதே அவசரத்தைச் சேர்ந்தது. அனோரெக்சியாவில் நேரும் இறப்புகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று தற்கொலை.

பல நாட்கள் மிகக் குறைவாகச் சாப்பிட்ட ஒருவருக்கு வீட்டில் திடீரென்று நிறைய ஊட்டுவதும் ஆபத்து. உணவு உள்ளே போனதும் பாஸ்பேட் செல்களுக்குள் இழுக்கப்பட்டு ரத்தத்தில் சரியும். இதயமும் மூச்சும் பாதிக்கப்படலாம். முதல் சில நாட்களில்தான் இது அதிகம் நடக்கும். தொடக்கம் மருத்துவர் கண்காணிப்பில் இருக்க வேண்டும் என்று சொல்வது அதனால்தான்.

பொதுக் கவுன்சலிங்கா, இந்த நோய்க்கென்றே உள்ள தெரபியா?

பொதுவான கவுன்சலிங் எளிதில் கிடைக்கும். கேட்பவர் பரிவோடு கேட்பார். வெட்கத்தோடு ஒளித்து வைத்ததை முதன்முறையாக ஒருவரிடம் சொல்வது பெரிய ஆறுதல். அதைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் உண்ணும் நடத்தை மாறாமல் ஆறு மாதம் இதிலேயே நகர்ந்துவிடும் ஆபத்து உண்டு. எடை குறைந்துகொண்டே போக, அறைக்குள் பேச்சு மட்டும் அழகாக நடக்கும். நோயாளிக்கும் அது பிடித்திருக்கும். நோயைத் தொடாத சிகிச்சை நோய்க்கு எப்போதும் பிடிக்கும்.

ஆழ்மனதை ஆராயும் நீண்டகாலப் பேச்சு முறையும், எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பயிற்றும் நேரடியான சி.பி.டி. முறையும் டென்மார்க்கில் நேருக்கு நேர் ஒப்பிடப்பட்டன. முடிவு 2014இல் வெளியானது. நோயாளிகள் புலிமியா உள்ளவர்கள். ஐந்து மாதத்தில் 20 அமர்வு சி.பி.டி. பெற்றவர்களில் 42 விழுக்காட்டினர் அந்த ஐந்து மாத முடிவில் அடங்காமல் உண்பதையும் வாந்தியையும் விட்டிருந்தார்கள். வாரந்தோறும் இரண்டு ஆண்டு மனப்பகுப்பாய்வு பெற்றவர்களில் ஐந்தாம் மாதம் அது 6 விழுக்காடு, இரண்டாம் ஆண்டு முடிவில் 15 விழுக்காடு. குறைந்த காலம், குறைந்த அமர்வு, மேலான பலன். குழந்தைப் பருவ வலியோ உறவுச் சிக்கலோ பேச வேண்டியதாக இருக்கலாம். அதை உணவு ஒழுங்கான பிறகு பேசினாலும் தாமதம் ஆகிவிடாது.

பதின்வயதினருக்கு: குடும்பத்தோடா, தனியாகவா?

ஒப்பிட நிறைய இருக்கும் இடம் இது. குடும்பம் சார்ந்த சிகிச்சை லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980களில் உருவானது, எஃப்.பி.டி. என்று சுருக்கிச் சொல்வார்கள். இதன் மையக் கருத்து பெற்றோருக்கு முதலில் அதிர்ச்சியாக இருக்கும். நோயின் காரணம் என்ன என்று இது தேடுவதில்லை. பெற்றோரைக் குற்றம் சொல்வதில்லை. பிள்ளை இப்போது சாப்பாட்டு முடிவை எடுக்கும் நிலையில் இல்லை, சிறிது காலம் நீங்கள் எடுங்கள் என்கிறது.

மூன்று கட்டம். முதல் கட்டத்தில் என்ன, எவ்வளவு, எப்போது என்பதைப் பெற்றோர் முடிவு செய்து, தாங்களே தட்டில் வைத்து, உடன் உட்கார்ந்து முடிக்க வைக்கிறார்கள். இரண்டாவது அமர்விலேயே குடும்பம் உணவை எடுத்துவந்து தெரபிஸ்ட் முன் சாப்பிடும். பிள்ளை தான் நினைத்ததைவிட ஒரு வாயாவது கூடுதலாகச் சாப்பிட வைக்கப் பெற்றோருக்கு அங்கேயே பயிற்சி. எடை மீளத் தொடங்கி, உணவு வேளைச் சண்டை தணிந்ததும், இரண்டாம் கட்டத்தில் பொறுப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளையிடம் திரும்பும். மூன்றாவதில்தான் வளரும் பருவத்தின் மற்ற விஷயங்கள். மொத்தம் 18 முதல் 20 அமர்வு, ஏறத்தாழ ஓராண்டு.

இதற்கான ஆதாரம் வலுவானது. 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 121 பதின்வயதினர் இரண்டாகப் பிரிக்கப்பட்டார்கள். சிகிச்சை முடிந்து ஓராண்டுக்குப் பிறகு, எஃப்.பி.டி. பெற்றவர்களில் 49 விழுக்காட்டினர் முழுமையாகத் தேறியிருந்தார்கள். தனிநபர் தெரபி பெற்றவர்களில் 23 விழுக்காட்டினர். 19 வயதுக்குக் கீழே, நோய் தொடங்கி மூன்று ஆண்டுக்குள் என்றால் முதலில் இதைத்தான் தேட வேண்டும் என்பது எங்கள் முடிவு.

ஆனால் இது பெற்றோரைப் பிழிந்துவிடும். ஒரு நாளில் மூன்று வேளை உணவு, இரண்டு மூன்று சிற்றுண்டி. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும், பள்ளி நேரத்திலும்கூட. முதல் சில வாரங்களுக்கு வேலையில் ஒருவராவது விடுப்பு எடுக்காமல் நடப்பது அரிது. தோற்கும் இடமும் பெரும்பாலும் ஒன்றே: அம்மா ஒரு அளவு வைப்பார், அப்பா "பாவம், இன்று விட்டுவிடு" என்பார். அந்த இடைவெளி நோய்க்குப் போதும். இன்னொன்று, கடிந்து பேசுவது. திட்டும் குரல் அதிகம் உள்ள வீடுகளில் எல்லோரையும் ஒரே அறையில் உட்கார வைப்பது பலிப்பதில்லை. அங்கே பெற்றோரைத் தனியாகச் சந்திக்கும் வடிவத்தைக் கேளுங்கள். 2016இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், சிகிச்சை முடியும் தறுவாயில், பெற்றோரை மட்டும் சந்தித்த பிரிவு வழக்கமான வடிவத்தைவிட நன்றாகவே தேறியது. பிள்ளை தெரபிக்கு வர மறுக்கிறாள் என்பது கதவை மூடும் காரணம் ஆகாது என்பதும் இதிலிருந்து தெரிகிறது.

வீட்டில் வன்முறை இருந்தால், பெற்றோரில் ஒருவரே கடுமையான நோயில் இருந்தால், அல்லது உடனிருக்க யாருமே இல்லையென்றால் எஃப்.பி.டி. பொருந்தாது. அப்போது பதின்வயதினருக்கான சி.பி.டி.-இ (உண்ணுதல் கோளாறுகளுக்கென்றே வடிவமைத்த சி.பி.டி.) நல்ல மாற்று. எடை மெதுவாக ஏறும்; ஆனால் பிள்ளை தானே முயற்சி எடுக்கத் தயாராக இருந்தால் பின்னாளில் பலன் பெரிதாகக் குறைவதில்லை.

பெரியவர்களுக்கு

சி.பி.டி.-இ ஆக்ஸ்ஃபோர்டில் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் குழு வடிவமைத்தது. எடை மிகக் குறையாதவர்களுக்கு 20 வாரத்தில் 20 அமர்வு. எடை குறைந்தவர்களுக்கு 40 வாரத்தில் 40 வரை. முதல் நான்கு வாரம் வாரத்துக்கு இரண்டு முறை. இந்த இரண்டு முறை வருகையை "போக்குவரத்து சிரமம்" என்று ஒன்றாகக் குறைப்பதுதான் நாங்கள் கேள்விப்படும் முதல் சமரசம். செய்யாதீர்கள். வேகம் பிடிப்பது அந்த நான்கு வாரத்தில்தான்.

அதில் என்ன நடக்கும்? சாப்பிட்டதைச் சாப்பிட்ட கையோடு எழுத வேண்டும், இரவில் நினைவிலிருந்து எழுதக் கூடாது. எடைபோட்டு அளப்பதோ கலோரிக் கணக்கோ வேண்டாம். எப்போது, எங்கே, என்ன, அப்போது மனதில் என்ன ஓடியது என்பது போதும். மூன்று வேளை உணவும் இரண்டு மூன்று சிற்றுண்டியும், இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடாமல். வாரம் ஒருமுறை தெரபிஸ்டோடு சேர்ந்து எடை பார்த்து, வரைபடத்தில் குறிப்பது. வீட்டில் பார்ப்பதை நிறுத்துவது. எடை பார்ப்பதைக் கேட்டுப் பலர் பயந்து விலகுகிறார்கள். "ஒரு நாள் சாப்பிட்டால் எடை எகிறிவிடும்" என்ற அச்சம் உடைவதே அந்தத் தராசின் முன்தான். எடையைத் தொடவே மாட்டேன் என்கிற தெரபிஸ்ட் அந்த அச்சத்துக்குத் தெரியாமல் துணை போகிறார்.

புலிமியாவுக்கும் பிஞ்ச் ஈட்டிங்குக்கும் இதைவிட இலகுவான முதல் படி உண்டு: வழிகாட்டலோடு கூடிய சுய உதவி. சி.பி.டி. அடிப்படையிலான பயிற்சி நூலை நீங்களே செய்துவர, 16 வாரத்தில் நான்கு முதல் ஒன்பது முறை, தலா 20 நிமிடம் ஒருவர் வழிகாட்டுவார். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதைப் பெரியவர்களுக்கு முதலில் வைக்கிறது. நான்கு வாரத்தில் பலனில்லை என்றால் முழுமையான சி.பி.டி.க்கு மாறச் சொல்கிறது. வெட்கத்தால் யாரிடமும் போகாதவர்களுக்கு இது நல்ல வாசல். நூலை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு, வழிகாட்டுபவரை விட்டுவிட்டால் மூன்றாவது அத்தியாயத்தோடு நின்றுபோகும். எடை குறைந்த அனோரெக்சியாவுக்கு இது சிகிச்சையே இல்லை.

பெரியவர்களின் அனோரெக்சியாவில், நேர்மையாகச் சொன்னால், தனித்து வென்ற முறை எதுவும் கிடையாது. சி.பி.டி., மாந்த்ரா என்ற தெரபி, நிபுணத்துவ ஆதரவோடு கூடிய மருத்துவ மேலாண்மை ஆகிய மூன்றையும் நைஸ் ஒரே வரிசையில் வைக்கிறது. மாந்த்ரா முறை, நோய் தனக்கு என்ன நன்மை செய்கிறது என்று நோயாளி நம்புவதை எடுத்துப் பேசும். மாற மனமில்லாதவர்களுக்கு அது பொருந்தலாம். மூன்றாவது முறை நோயாளி விரும்பும் தலைப்புகளைப் பேச விட்டாலும், ஒவ்வொரு அமர்விலும் எடையையும் உணவையும் விடாமல் கேட்கும். ஆக, இங்கே முறையைவிட, அதை நன்றாகக் கற்றவர் உங்களுக்குக் கிடைக்கிறாரா என்பதை வைத்துத் தேர்வு செய்யலாம்.

உறவுச் சிக்கல்களை மையமாக வைக்கும் ஐ.பி.டி. மெதுவாக வேலை செய்யும். 2015இல் வெளியான ஒப்பீட்டில், சிகிச்சை முடிந்தபோது சி.பி.டி.-இ பெற்றவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினரும், ஐ.பி.டி. பெற்றவர்களில் மூன்றில் ஒரு பங்கினரும் தேறியிருந்தார்கள். பின்வந்த மாதங்களில் இடைவெளி சுருங்கியது. உணவுக் குறிப்பு எழுதுவதே ஒத்துவராதவர்களுக்கு, எடையும் பொட்டாசியமும் பாதுகாப்பான நிலையில் இருந்தால், இதை இரண்டாவது தேர்வாக வைக்கலாம். கோபமோ தனிமையோ பொங்கும்போது உண்பவர்களுக்கு டி.பி.டி. எனப்படும், உணர்ச்சிகளைக் கையாளும் திறன் பயிற்சி உதவும். தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பழக்கமும் சேர்ந்திருந்தால் இன்னும் பொருத்தம்.

உடல் தோற்றம் பற்றிய கவலையே இல்லாமல், தொண்டையில் சிக்கும் பயத்தாலோ உணவின் வாசனை, தன்மை பிடிக்காததாலோ சாப்பிடாதவர்களின் நோய் வேறு. ஆர்ஃபிட் என்ற பெயரில் 2013இல் தனி நோயாக வகைப்படுத்தப்பட்டது. அவர்களிடம் உடல் பிம்பம் பற்றிப் பேசும் தெரபி வீண். பயந்த உணவைச் சிறிது சிறிதாக அறிமுகப்படுத்தும் முறையே தேவை.

மாத்திரையும் டயட்டீஷியனும்

மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்புவதை ஏற்காதீர்கள். புலிமியாவில் ஃப்ளுவாக்ஸட்டின் நாளுக்கு 60 மில்லிகிராம் என்ற அளவில் தெரபிக்குத் துணையாகும். மனச்சோர்வுக்கு வழக்கமாகத் தொடங்கும் 20 மில்லிகிராம் இங்கே பெரும்பாலும் போதாது. அளவை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். பிஞ்ச் ஈட்டிங்குக்கு லிஸ்டெக்ஸாம்ஃபெட்டமினை அமெரிக்கா 2015இல் அனுமதித்தது; பழக்கத்துக்கு அடிமையாக்கும் தன்மை அதற்கு உண்டு. அனோரெக்சியாவுக்கென்று அனுமதி பெற்ற மருந்து இல்லை. அனோரெக்சியாவோ புலிமியாவோ உள்ளவர்கள் ப்யூப்ரோப்பியான் என்ற மனச்சோர்வு மருந்தை எடுக்கக் கூடாது, வலிப்பு வரும் ஆபத்து அதிகம். இந்த நோயைச் சொல்லாமல் வேறு மருத்துவரிடம் மனச்சோர்வுக்கு மருந்து வாங்குவதால் நேரும் தவறு இது.

டயட்டீஷியன் அணியில் இருக்க வேண்டியவர், தனியாளாக அணி ஆகமாட்டார். உடல் பருமனுக்கு உணவுத் திட்டம் போட்டே பழகியவர் பிஞ்ச் ஈட்டிங் உள்ளவருக்குக் கண்டிப்பான பட்டியல் கொடுத்தால், பகல் முழுக்கக் கட்டுப்பாடு, இரவில் அணை உடைப்பு என்ற அதே சுழலை அவரே இறுக்கிவிடுவார். டைப் 1 நீரிழிவு உள்ளவர் எடைக்காக இன்சுலினைத் தவிர்க்கிறார் என்றால், நீரிழிவு மருத்துவரும் தெரபிஸ்டும் ஒருவரோடு ஒருவர் பேசாத சிகிச்சை எதுவும் பாதுகாப்பில்லை.

வீட்டிலிருந்தா, பகல்நேர மையமா, அனுமதியா?

பெரும்பாலோருக்கு வெளிநோயாளி சிகிச்சையே போதும். வீடியோ வழித் தெரபியும் நன்றாக நடக்கிறது. குடும்பத்தின் உண்மையான உணவு மேசையைத் தெரபிஸ்ட் பார்க்கலாம் என்பது அதன் தனி நன்மை. எடையும் நாடியும் ரத்தமும் திரையில் தெரியாது. அதனால் வாரந்தோறும் அவற்றைப் பார்த்துத் தெரபிஸ்டுக்கு அனுப்ப உள்ளூர் மருத்துவர் ஒருவர் ஒப்புக்கொண்ட பிறகே தொடங்குங்கள்.

மருத்துவமனை அனுமதி உயிரைக் காக்கும், உடலை நிலைப்படுத்தும். நோயை அது முடித்துவைப்பதில்லை. ஜெர்மனியில் 11 முதல் 18 வயதுவரையான 172 பெண்களிடம் செய்து 2014இல் வெளியான ஆய்வில், மூன்று வாரம் உள்நோயாளியாக இருந்து பிறகு பகல்நேர மையத்துக்கு மாறியவர்கள், முழுக் காலமும் மருத்துவமனையிலேயே இருந்தவர்களைவிட ஓராண்டுக்குப் பின் பின்தங்கவில்லை. மாலையில் வீடு திரும்பி, இரவு உணவை வீட்டில் சாப்பிட்டுப் பழகுவது நல்ல பயிற்சி. அனுமதிக்கப்பட்டால், வீடு திரும்பும் நாளுக்கு முன்பே அடுத்த வார வெளிநோயாளி அமர்வின் தேதியைக் கையில் வாங்கிவிடுங்கள். நோய் திரும்பும் ஆபத்து அதிகம் உள்ளது வீடு திரும்பிய முதல் ஓராண்டில்தான்.

முதல் அழைப்பில் கேட்க வேண்டியவை

"நீங்கள் பயன்படுத்தும் முறையின் பெயர் என்ன, எத்தனை அமர்வு?" என்று கேளுங்கள். பெயரும் எண்ணும் சொல்பவரிடம் திட்டம் இருக்கிறது. "எல்லாவற்றையும் கலந்து, உங்களுக்கு ஏற்றபடி" என்ற பதில் இதமாக இருக்கும். இந்த நோயில் அது எச்சரிக்கை மணி. எடையை யார் பார்ப்பார்கள், ரத்தப் பரிசோதனையை யார் வாசிப்பார்கள் என்று கேளுங்கள். பதின்வயதினர் என்றால், பெற்றோர் எவ்வளவு பங்கேற்பார்கள் என்று கேளுங்கள். "நீங்கள் வெளியே இருங்கள்" என்றால் வேறு ஒருவரைத் தேடுங்கள். "எடை இவ்வளவு குறைந்தால் வாருங்கள்" என்று அனுப்புபவரிடம் மறுபடி போக வேண்டாம். ஆண்களும் பருமனான உடல்வாகு உள்ளவர்களும் இப்படித் திருப்பி அனுப்பப்பட்டே நோய் முற்ற விடப்படுகிறார்கள். உயரத்தையும் எடையையும் கொண்டு கணக்கிடும் எடைக் குறியீட்டை (பி.எம்.ஐ.) மட்டும் வைத்துச் சிகிச்சையை மறுக்கக் கூடாது என்பது நைஸ் வழிகாட்டுதலிலேயே உள்ளது.

நான்காம் வார முடிவில் உட்கார்ந்து கணக்குப் பாருங்கள். எஃப்.பி.டி.யில் அதற்குள் ஏறத்தாழ 2.3 கிலோ ஏறியிருந்தால் நல்ல அறிகுறி. சி.பி.டி.யில் வாந்தியும் அடங்காமல் உண்பதும் பாதியளவாவது குறையத் தொடங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் உடனே தெரபிஸ்டை மாற்றுவதைவிட, என்ன நடக்கவில்லை என்று பார்க்க வேண்டும்: வாரம் இருமுறை போனீர்களா, குறிப்பு அன்றன்றைக்கே எழுதப்பட்டதா, சிற்றுண்டி விடுபடுகிறதா, ஒளித்து உடற்பயிற்சி நடக்கிறதா? இவற்றைச் சரிசெய்து இன்னும் இரண்டு வாரம். அப்போதும் அசைவில்லை என்றால் சிகிச்சையின் அடர்த்தியைக் கூட்டுங்கள்: பகல்நேர மையம், அல்லது வேறு முறை.

காத்திருப்புப் பட்டியலில் பெயர் இருக்கும் வாரங்களிலும் செய்ய வேண்டியது உண்டு. உணவு வேளைகளைக் கடிகாரத்தில் குறித்து, யாரேனும் ஒருவர் கூட உட்காருங்கள். அந்த நேரத்தில் கலோரி, எடை, உடல் பற்றிய பேச்சே வேண்டாம். சாப்பிட்டு முடித்த பின் ஒரு மணி நேரம் ஒன்றாகப் படம் பார்ப்பதோ சீட்டு விளையாடுவதோ வாந்தி உந்துதலைக் கடக்க உதவும். வாந்தி எடுத்தால் உடனே பல் துலக்காமல் நீரால் கொப்பளிக்கட்டும். அமிலம் பட்ட பல்லைத் தேய்த்தால் எனாமல் தேய்ந்துபோகும். நாள்பட எடுத்துவந்த பேதி மாத்திரையை நிறுத்தும்போது உடலில் நீர் தங்கிச் சில நாள் எடை கூடித் தெரியும். அதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள், இல்லையென்றால் பயத்தில் மீண்டும் எடுப்பார்கள். மருத்துவரிடம் வாரம் ஒருமுறை நாடியும், வாந்தி தொடர்ந்தால் பொட்டாசியமும் பார்த்து, அந்த எண்களைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி வையுங்கள். தெரபியின் முதல் நாளில் அந்தத் தாளைக் கொண்டுபோய்க் கொடுக்கலாம்.